போனில் முடிவு சொல்வதில்லை

போன ஆடி மாதம் ஒரு காலை. மோட்டார் கொட்டகை ஓரம் அமுதக்கரைசல் கலக்கிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சாணம். சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். கையைக் கழுவித் துடைத்து எடுத்தேன். "சார், உங்க பேருக்கு 5 லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு..." வைத்துவிட்டேன். திரும்ப வந்து குச்சியைப் பிடித்தேன். மறுபடியும் போன், இன்னொரு தெரியாத எண். வந்த எரிச்சலில் எடுக்கவே இல்லை.

சாயந்திரம் பார்த்தால் அந்த இரண்டாவது எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. "ஐயா, தூயமல்லி அரிசி 25 கிலோ வேணும், இருக்குமா?" திருவண்ணாமலையில் இருந்து ஒரு அம்மா. கூப்பிட்டேன். "நீங்க எடுக்கலைன்னு வேற எடத்துல சொல்லிட்டேனே ஐயா" என்றார்.

நம்முடைய சிக்கல் இதுதான். "தெரியாத நம்பரை எடுக்காதீங்க" என்று பேப்பரில் எழுதுகிறார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது சரி. அரிசி, நாட்டுச்சர்க்கரை, எண்ணெய் என்று நேரடியாக விற்கிற இயற்கை விவசாயிக்கு நாளைய வாடிக்கையாளர் எல்லாருமே இன்றைக்குத் தெரியாத நம்பர்தான். நாம் போனை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த பிறகு, பேசுகிறவர் வாங்க வந்தவரா, விற்க வந்தவரா, திருட வந்தவரா என்று அரை நிமிடத்தில் பிரித்து, சேதாரம் இல்லாமல் வைப்பது எப்படி? நான் 30 வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். அந்தப் பக்கத்து வித்தையும் கொஞ்சம் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான்கு டப்பாவும் ஒரு ஏக்கரும்

எங்கள் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றிலும் கரும்பு அதிகம். என் நிலத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் 2 ஏக்கர் மறுதாம்புக் கரும்பு வைத்திருக்கிறார். ரசாயனத்தை விட்டு இரண்டாவது வருடம். எங்கள் பங்கேற்பு உத்தரவாதக் குழுவில் அவரும் உறுப்பினர். இலை கொஞ்சம் மஞ்சளடித்தது. மாறுகிற காலத்தில் எல்லாருக்கும் வருகிற பயம் அவருக்கும் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் போன் செய்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். "உங்க கரும்பு இலை மஞ்சளா இருக்குதுல்ல ஐயா?" என்று அவரே கேட்டார். இவர் ஆடிப்போய்விட்டார். அதன்பிறகு "எங்க விஞ்ஞானி பேசுவாரு" என்று ஒருவர் வந்தார். தினமும் இரண்டு, மூன்று முறை என்று எட்டு நாள். ஒன்பதாம் நாள் 9,600 ரூபாய்க்கு நான்கு டப்பா பார்சல் வந்தது. பணம் கொடுத்து வாங்கி, ஒரு ஏக்கருக்குத் தெளித்தும் விட்டார்.

டப்பாவில் "100 சதவீதம் ஆர்கானிக்" என்று பெரிதாக இருந்தது. என்ன சரக்கு, எந்தத் தொகுதி எண், யார் தயாரிப்பு, எந்த உரிமம் என்று ஒன்றும் இல்லை. பில்லும் இல்லை. அழைத்த நம்பரைக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

அவர் நேர்மையானவர். குழுக் கூட்டத்தில் தானே எழுந்து சொன்னார். உள்ளே இருந்தது விஷமா, வெறும் வெல்லத் தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது. அனுமதிக்கப்பட்ட இடுபொருள்தான் என்று நிரூபிக்க முடியாது என்பது மட்டும் தெரியும். தெளித்த அந்த ஒரு ஏக்கருக்கு மாறுதல் காலத்தை முதல் நாளிலிருந்து மறுபடியும் எண்ணுவது என்று குழு முடிவெடுத்தது. யாருக்கும் அது சந்தோஷமான முடிவு இல்லை. 9,600 ரூபாயை ஒரு போகத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம். போன ஒன்றரை வருடத்தை எங்கே போய் வாங்குவது?

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுச்சு சார். அவ்ளோ பேசனப்புறம் வாணாம்னு எப்டி சொல்றது?" கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "நீங்களும் பேங்க்ல இருந்தப்ப இப்படித்தான போன் பண்ணுவீங்க?"

அந்தப் பக்கத்து வித்தை

பண்ணியிருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் மாதம் வந்தால் கிளைக்கு இவ்வளவு இன்சூரன்ஸ் என்று இலக்கு வரும். யாருடைய கணக்கில் கரும்புப் பணம் வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தெரியும். அவரைக் கூப்பிடுவோம். ஒரு பெரியவர், டெபாசிட் போடத்தான் வந்தார். நான் பேசிப் பேசி அவர் பேரில் ஒரு பாலிசி எடுக்க வைத்தேன். வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதை நான் சொன்னேன்தான். ஆனால் அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லவில்லை. இரண்டாம் வருடம் அவரால் கட்ட முடியவில்லை. கட்டியதில் பெரும்பகுதி போயிற்று. அவர் என்னிடம் சண்டைக்குக்கூட வரவில்லை. எந்த வங்கி என்று கேட்காதீர்கள். செய்தது நான்.

அப்போது எங்களுக்குக் கொடுத்த பயிற்சியின் சாரம் இது: வாடிக்கையாளர் "வேண்டாம்" என்றால் அது முடிவு இல்லை, "ஏன் வேண்டாம்" என்று பேச ஆரம்பிக்கிற இடம். அவர் என்ன காரணம் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்.

"இப்ப கையில காசு இல்லைங்க" என்றால், "பார்சல் வந்தப்புறம் குடுத்தா போதும் ஐயா."

"பையனைக் கேட்கணும்" என்றால், "அவரு நம்பர் குடுங்க, நாங்களே பேசறோம்."

"ஏற்கெனவே பஞ்சகவ்யம் அடிக்கிறேன்" என்றால், "அதோட சேர்த்து அடிச்சா இன்னும் நல்லா வரும்."

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றால் அவருக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரம் கூப்பிட நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள்.

பார்த்தீர்களா? நாம் மரியாதைக்காகச் சொல்கிற ஒவ்வொரு காரணமும் அவர் ஏறி வர ஒரு படி. வாசலில் வந்தவரிடம் முகத்தில் அடித்த மாதிரி பேசக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புதான். ஆனால் போனில் வருகிறவர் நம் வாசலுக்கு வந்த விருந்தாளி இல்லை.

ஒரே ஒரு வாக்கியம்

ஆகவே காரணம் சொல்லாதீர்கள். வீட்டு வழக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம்:

"போன்ல எதுவும் வாங்கறதில்லைங்க, எந்த முடிவும் சொல்றதில்லைங்க. வெச்சிடறேன்."

சொன்னவுடனே வைத்துவிட வேண்டும். அவர் "ஒரு நிமிஷம் ஐயா" என்பது காதில் விழுந்தாலும் வைத்துவிட வேண்டும். இது அவமரியாதை இல்லை. மாதச் சம்பளத்துக்கு, தலைக்கு மேல் இலக்கோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை அது. நம்மிடம் இருபது நிமிடம் பேசி ஒன்றும் விற்காமல் போவதைவிட அரை நிமிடத்தில் விட்டுவிடுவது அதற்கும் நல்லது. திட்டவும் தேவையில்லை. திட்டினால் பேச்சு நீளும், நமக்கும் அன்றைய வேலை கெடும்.

வாங்க வந்தவரா, விற்க வந்தவரா என்று தெரியவில்லையா? "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று மட்டும் கேளுங்கள். அரிசி வாங்க வந்தவர் "அரிசி வேணும்" என்பார். விற்க வந்தவரால் இந்தக் கேள்விக்கு நேர் பதில் சொல்ல முடியாது. "உங்க பேரு, உங்க ஊரு, எத்தனை ஏக்கர்" என்று நம்மையே கேட்க ஆரம்பிப்பார். அங்கேயே தெரிந்துவிடும்.

திருடனுக்கு வேறு அடையாளம்

விற்பவர் நம் பணத்துக்கு ஏதோ ஒரு டப்பாவாவது கொடுப்பார். திருடன் அதுவும் கொடுக்க மாட்டான். உழவர்களைக் குறிவைத்து வருகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. "தவணை நின்னு போச்சு, இந்த ஆப்பை இறக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்தியை எல்லாம் அவன் படிப்பான், ஓ.டி.பி. உட்பட. கே.ஒய்.சி. வேலையை இ-சேவை மையத்திலோ அரசின் செயலியிலோ நாமே முடித்துக்கொள்ளலாம்.

"உங்க காலி நிலத்துல செல்போன் டவர் வைக்கிறோம், மாசம் இவ்ளோ வாடகை, டிராய் அனுமதி வாங்கியாச்சு, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்பது பழைய தூண்டில். இன்னும் மீன் மாட்டுகிறது. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டவர் வைக்கத் தடையில்லாச் சான்று எதுவும் கொடுப்பதில்லை என்று அவர்களே பலமுறை அறிவித்துவிட்டார்கள்.

சூரியசக்தி பம்புசெட்டுக்கு மானியம் என்று போலி இணையதளம் வைத்து முன்பணம் கேட்பதும் உண்டு. நம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நமக்கென்றே இன்னொன்று: "பதினைந்து நாளில் ஆர்கானிக் சான்றிதழ்." தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருடம் மாறுதல் காலம். பங்கேற்பு உத்தரவாத முறையிலோ சக உழவர்கள் வந்து வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வயலுக்கே வராதவன் தருகிற சான்றிதழ் வெறும் காகிதம்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான அடையாளம் அவசரம். "இன்னைக்கு கடைசி நாள்", "போனை வைக்காதீங்க", "யார்கிட்டயும் சொல்லாதீங்க." நல்ல காரியம் எதுவும் ஒரு ராத்திரி பொறுக்க முடியாததாக இருக்காது.

1909: ஐந்து நிமிட வேலை

இப்போது சட்டத்துக்கு வருவோம். வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க டிராய் முதலில் 2007-ல் விதி செய்தது. 2010-லும் 2018-லும் மாற்றி எழுதியது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் திருத்தியிருக்கிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

உங்கள் செல்போனிலிருந்தே 1909-ஐக் கூப்பிட்டு விளம்பரம் வேண்டாம் என்று பதியலாம். அல்லது "ஸ்டார்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, பூஜ்ஜியம் போட்டு 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். காசு கிடையாது. இதைத்தான் டி.என்.டி. என்கிறார்கள். "அப்புறம் பேங்க் மெசேஜ், ஓ.டி.பி. வராமப் போயிடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. விளம்பரத்தை மட்டும்தான் அது நிறுத்தும். அரிசி கேட்டுக் கூப்பிடும் வாடிக்கையாளரையும் அது தடுக்காது.

முறையாகப் பதிவு செய்த விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். வங்கி, காப்பீடு, அரசு ஆகியவை உங்கள் கணக்கு விஷயமாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் செய்வதே விதிமீறல். நம் பக்கத்து நிலத்துக்காரருக்கு வந்தது அப்படி ஒரு எண்தான்.

டி.என்.டி. பதிந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பதியாத விற்பனையாளர்களுக்கு அந்தப் பட்டியலைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களுக்கு மருந்து புகார்தான். அழைப்பு வந்த 7 நாளுக்குள் 1909-லோ, டிராயின் டி.என்.டி. செயலியிலோ, எந்த எண், எந்தத் தேதி, என்ன விற்றார்கள் என்று சொல்லலாம். முன்பு 3 நாள்தான் அவகாசம். இப்போதைய திருத்தப்படி நீங்கள் டி.என்.டி.யில் பதியாதவராக இருந்தாலும் புகார் தரலாம். பதியாத விற்பனையாளர் மீது தொலைபேசி நிறுவனம் 5 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் இணைப்புகளைத் துண்டித்து, 2 வருடம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டிலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

ஒருவர் புகார் செய்தால் ஒரு புகார். ஒரே நம்பர் ஊரில் பத்து பேருக்கு வருகிறது என்றால் பத்து பேரும் புகார் செய்ய வேண்டும். குழுக் கூட்டத்தில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்கள் போனை வாங்கிச் செய்து கொடுக்கட்டும்.

நம் நம்பர் எங்கே கசிகிறது?

அந்தப் பெண்ணுக்குக் கரும்பு மஞ்சளடித்தது எப்படித் தெரிந்தது? யோசித்துப் பார்த்ததில், அவர் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். ஒரு கடையில் குலுக்கல் பரிசு என்று சீட்டு கொடுத்தார்கள். பேர், ஊர், போன், பயிர், "உங்கள் பயிரில் உள்ள பிரச்சனை" என்று கட்டம் கட்டமாக இருந்ததாம். அத்தனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் விதைத் திருவிழாக்களிலேயே வருகைப் பதிவேடு மேசையில் திறந்தே கிடக்கிறது. யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். கேட்டால் "இயற்கை விவசாயிங்க நம்பர் வேணும் சார், நல்ல விஷயத்துக்குத்தான்" என்றார். பதிவேட்டை ஒரு பொறுப்பாளர் கையில் வையுங்கள். ஒவ்வொருவரும் அவரிடம் சொல்ல, அவர் எழுதட்டும். பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் "என் பயிரில் இந்த நோய்" என்று ஊர், நிலப் பரப்போடு போடுவதையும் குறையுங்கள்.

சந்தேகம் வந்தால், நம்மை அழைப்பவரைக் கேட்காமல் நாம் அழைத்துக் கேட்கலாமே. 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையம் 2004-லிருந்து இருக்கிறது. காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில், கட்டணம் இல்லை. அவர்கள் ரசாயன மருந்தைச் சொன்னால் "நான் இயற்கை முறை" என்று சொல்லிவிடுங்கள். அதைவிட நல்லது, பத்து வருடமாகச் செய்கிற மூத்த உழவரை வயலுக்கே கூட்டிவந்து காட்டுவது. இலை மஞ்சளுக்கு எங்களில் ஒருவர் வந்து பார்த்திருந்தால், வேரில் தண்ணீர் தேங்கி நிற்பதைச் சொல்லியிருப்போம். பின்னால் போய்ப் பார்த்தபோது அதுதான் தெரிந்தது. வாய்க்காலை வெட்டிவிட்டோம். ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பார்சல் வந்து நிற்கிறது, மனசு ஒப்பவில்லையா? வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கிவிட்டீர்களா? தெளிக்காதீர்கள். டப்பாவை நான்கு பக்கமும் படம் எடுத்து, பிரிக்காமல் வையுங்கள். உரத்துக்கு 1985-ம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணை, பூச்சி மருந்துக்கு 1968-ம் வருடச் சட்டம் இருக்கிறது. இரண்டிலும் விற்பவருக்கு உரிமம் வேண்டும், பில் தர வேண்டும். 2021-லிருந்து "உயிர் ஊக்கி" எனப்படும் சரக்குகளும் உர ஆணைக்குள் வந்துவிட்டன. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915.

போனில் பேசிப் பாலிசி எடுத்துவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும். மறுத்தால் காப்பீட்டு ஆணையத்தின் 155255-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்டது இது போன்ற விஷயங்களைத்தான்.

பணமே திருடு போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. அடுத்த நிமிடமே வங்கிக்கும் சொல்லுங்கள். 2017-ம் வருட ரிசர்வ் வங்கி விதிப்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு.

கடைசியாக

வெளியிலிருந்து இடுபொருள் வாங்காமல் நிலத்தை நடத்தலாம் என்று சொல்லித்தான் நாம் இந்த வழிக்கு வந்தோம். கடைக்காரரிடம் வாங்குவதை விட்டோம். அதே கடை இப்போது சட்டைப்பைக்குள் வந்து "ஆர்கானிக்" என்ற பேரில் நம்மைக் கூப்பிடுகிறது. நிலத்தில் ஊற்றுகிற எதையும் வயலில் நின்று, பார்த்து, நாலு பேரைக் கேட்டு முடிவு செய்வோம். போனில் வேண்டாம்.

பக்கத்து நிலத்துக்காரர் இப்போது தெளிவாக இருக்கிறார். மோட்டார் கொட்டகைச் சுவரில் அந்த வாக்கியத்தைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் நான் அங்கே இருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. சுவரைப் பார்த்துப் படித்தார், வைத்தார். "எட்டு செகண்டு சார்" என்று சிரித்தார். அந்த ஒரு ஏக்கரில் இப்போது சணப்பை விதைத்திருக்கிறார். பூ எடுக்கும்போது மடக்கி உழ வேண்டும்.

இதில் ஏதாவது புரியவில்லை என்றால் ஆசிரியரிடம் என் எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். தெரியாத நம்பராக இருந்தாலும் எடுப்பேன்.